உழைக்கும் தசையின் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் அளக்கப் போகிறவர்களுக்கு

ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில், "பயிற்சியின்போது தொடைத் தமனியின் ரத்த ஓட்டம் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் முறையில் அளக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். (ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு அதன் வேகத்தை அறியும் முறை அது.) அந்த வரியை நம்பி முனைவர் பட்ட ஆய்வைத் திட்டமிட்ட எனக்கு, அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று புரிவதற்குள் ஏறத்தாழ ஓர் ஆண்டு ஓடிவிட்டது. எங்கள் துறையில் இதற்கு முன் எவரும் இதைச் செய்ததில்லை. என் வழிகாட்டி அன்பானவர்தான், ஆனால் அவருடைய களம் வேறு. சந்தேகம் கேட்டால் "கருவியின் கையேட்டைப் பாருங்கள்" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஸ்கேன் கருவியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதற்கென ஒதுக்கிய நிதியில் பெரும்பங்கு, பின்னர் எதற்கும் உதவாமல் போன பதிவுகளுக்கே செலவாகிவிட்டது. பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது, எனக்காக வியர்க்க விறுவிறுக்கக் காலை நீட்டி உதைக்கும் பயிற்சியைச் செய்துவிட்டுப் போன தன்னார்வலர்களின் உழைப்பு வீணானதுதான். அவர்களை மறுபடியும் அழைப்பதற்குத் தொலைபேசியை எடுக்கவே பல நாள் கை வரவில்லை.

முதலில், எதை அளக்கிறோம் என்பதன் பிரமாண்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இருக்கும் தசைக்கு ரத்தம் மிகக் குறைவாகவே போகிறது. 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர்தான். அதே தசை முழு மூச்சில் உழைக்கும்போது என்ன ஆகிறது என்பதை 1985-இல் கோபன்ஹேகனில் பெர் ஆண்டர்சன், பெங்ட் சால்டின் இருவரும் அளந்து காட்டினார்கள். உட்கார்ந்தபடி ஒரு காலை மட்டும் முழங்காலில் நீட்டி உதைக்கும் பயிற்சியைக் கையாண்டு, தொடையின் முன்புறத் தசையை மட்டும் தனிமைப்படுத்தி உழைக்கவைத்தபோது, ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் ரத்தம் பாய்வதைக் கண்டார்கள். உடலின் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் எந்த இதயத்தாலும் ஈடுகொடுக்க முடியாது. சிறு தசைத் தொகுதியைத் தனியாக உழைக்கவைத்ததால்தான் தசையின் உண்மையான கொள்திறன் வெளிப்பட்டது. அவர்கள் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழல் செருகி, குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி, வெப்பநிலை மாற்றத்தைக் கொண்டு அளந்தார்கள். ஊசி குத்தாமல் வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்டால் அளந்தாலும் அதற்கு ஒத்த விடையே கிடைக்கும் என்று 1997-இல் யோரான் ரோடெக்ரான் காட்டினார். நான் தெரிந்தெடுத்த வழியும் அதுவே. முறை சரியானதுதான். ஆனால் அவருக்குக் கிடைத்த ஒப்புமை, எந்தக் கருவியை யார் எப்படிப் பிடித்தாலும் கிடைத்துவிடும் என்று பொருள் அல்ல.

தொடை இடுக்கில் புரோபை (ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் கைப்பிடிக் கருவி) வைத்துப் படுத்திருப்பவரின் தமனியைப் பார்ப்பது ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அவர் உதைக்கத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும். ஒவ்வோர் உதையிலும் இடுப்பை மடக்கும் தசை அடியிலிருந்து எழும்பித் தமனியைப் பக்கவாட்டில் தள்ளும். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கருப்பாகத் தெரிந்துகொண்டிருந்த குழாய் சட்டென்று மங்கி, உதை முடிந்ததும் மீண்டும் தெளியும். ஜெல் உடற்சூட்டில் இளகி வழியும். புரோபைச் சற்று அழுத்திப் பிடித்தால் தமனி நசுங்காவிட்டாலும் பக்கத்திலுள்ள சிரை நசுங்கிவிடும். அப்போது கால் ரத்தம் திரும்ப வழியின்றித் தேங்கும். புரோபைப் பிடித்திருப்பவரின் விரல்களோ சில நிமிடங்களில் மரத்துப்போகும். இதற்கு நான் கண்ட தீர்வுகள் எளியவையே: தன்னார்வலரை நேராக உட்காரவைக்காமல் முதுகைப் பின்னால் நன்கு சாய்த்து இடுக்கை விரித்துக்கொள்வது, இடுப்பைப் பட்டையால் இருக்கையோடு கட்டிவிடுவது, உதைப்பவரிடம் "தொடையைத் தூக்காதீர்கள், பாதத்தை மட்டும் முன்னே தள்ளுங்கள்" என்று முந்தைய நாளே பழக்கிவிடுவது, அளப்பவர் தன் முழங்கையைத் தாங்குவதற்கு ஒரு மேசையை அமைத்துக்கொள்வது. பொதுத் தொடைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மிக அருகில் அளக்கக் கூடாது; அங்கே ஓட்டம் சுழித்துக்கொள்ளும். பிரிவிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, ஓட்டம் நேராக இருக்கும் பகுதியைப் பிடித்து, தோலில் பேனாவால் குறியிட்டுவிடுங்கள்.

அடுத்தது கோணம். டாப்ளர் கருவி ரத்தத்தின் வேகத்தை நேரடியாக அறிவதில்லை. ஒலிக்கற்றையின் திசையில் வரும் வேகத்தின் கூறை மட்டும் அறிந்து, ஒலிக்கற்றைக்கும் தமனிக்கும் இடைப்பட்டதென நாம் கொடுக்கும் கோணத்தின் கோசைனால் அதை வகுத்து வேகத்தைச் சொல்கிறது. தமனியோ தோலுக்கு ஏறத்தாழ இணையாக ஓடுவது. ஆகவே கோணம் பெரிதாகவே அமையும். 60 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லோரும் சொல்லும் விதி. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. திரையில் 60 பாகை என்று வைத்திருக்க, உண்மையில் 65 பாகையாக இருந்தால், வேகம் 15 சதவீதம் குறைவாகக் காட்டப்படும். 55 பாகையாக இருந்தால் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகக் காட்டப்படும். 30 பாகையில் இதே ஐந்து பாகைப் பிசகு ஐந்தாறு சதவீதப் பிழையோடு நின்றுவிடும். உதைக்கும்போது இடுப்பு அசைவதால் ஐந்து பாகை மாறுவது பெரிய விஷயமே அல்ல. எனவே கற்றையைச் சாய்த்து இயன்ற அளவு சிறிய கோணத்தைப் பிடியுங்கள். அதைவிட முக்கியமாக, ஒருவரை அளக்கத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை அதே கோணத்தில் நில்லுங்கள். கோணத்தில் நிலையான பிசகு இருந்தாலும் ஒருவருக்குள்ளான ஒப்பீடு தப்பிப் பிழைக்கும். அலைபாயும் கோணத்தில் எதுவும் பிழைக்காது.

தமனியின் விட்டத்தின் கதை இன்னும் கொடியது. ஓட்டம் என்பது சராசரி வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கியது, அந்தப் பரப்பில் விட்டம் வர்க்கத்தில் வருகிறது. 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால், ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 மில்லிலிட்டர். ஓய்வுக்குப் பொருத்தமான எண். உதைக்கும்போது சராசரி வேகம் 80 சென்டிமீட்டராக உயர்ந்தால் ஓட்டம் மூன்று லிட்டரைத் தொடும். இப்போது விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டி 9.5 என்று குறித்துப் பாருங்கள்: ஓட்டம் 11 சதவீதம் ஏறிவிடும். அரை மில்லிமீட்டர் என்பது திரையில் சுவரின் வெள்ளைக் கோட்டின் உள்விளிம்பைத் தொடுகிறோமா, நடுவைத் தொடுகிறோமா என்ற வித்தியாசம்தான். நான் ஒரே படத்தைக் காலையிலும் மாலையிலும் அளந்து இரண்டு விடைகள் கண்ட நாளில்தான், சுவர் விளிம்பைத் தானே கண்டறியும் மென்பொருளைத் தேடிப் போனேன். பொதுத் தொடைத் தமனியின் விட்டம் இவ்வகைப் பயிற்சியின்போது பெரிதாக மாறுவதில்லை என்பது நமக்குக் கிடைத்த ஒரு சலுகை. ஓய்விலும் உதைகளுக்கு இடைப்பட்ட தளர்விலும் தெளிவான படங்களை எடுத்து, இதயத்துடிப்பின் ஒரே கட்டத்தில் பலமுறை அளந்து, அதன் சராசரியைப் பயன்படுத்தலாம். கையால் அளப்பதாக இருந்தால், யாருடைய பதிவு என்று தெரியாதபடி பெயரை மறைத்துவிட்டு அளக்க வேண்டும்.

கருவியின் அமைப்புகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் சற்றுக் கோபம் வருகிறது. கருவியை வாடகைக்குத் தந்த நிறுவனத்திலிருந்து வந்த பயிற்சியாளர், "எல்லாம் அமைத்துத்தான் தந்திருக்கிறோம், நீங்கள் எதையும் தொட வேண்டாம்" என்றார். அவர் சொன்னது பொய் அல்ல. ஆனால் அந்த அமைப்பு, தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவருக்கானது. அடைப்பைத் தேடுபவருக்கு வேண்டியது உச்ச வேகம். ஓட்டத்தின் கன அளவை அறிய வேண்டிய நமக்கு வேண்டியதோ குழாயின் குறுக்குவெட்டு முழுவதற்குமான சராசரி வேகம். குழாயின் நடுவில் ரத்தம் வேகமாகவும் சுவரோரத்தில் மெதுவாகவும் ஓடுகிறது. ஓட்டம் முழுமையாகச் சீரடைந்திருந்தால் நடுவின் வேகம் சராசரியைப் போல் இரு மடங்கு. ஆகவே கருவி உச்சக் கோட்டை வரைந்து அதைக் கொண்டே ஓட்டத்தைக் கணக்கிட்டால், விடை இரட்டிப்பாகும் அபாயம் உண்டு. மாதிரிச் சாளரத்தை, அதாவது கருவி வேகத்தைப் படிக்கும் பகுதியை, குழாயின் அகலம் முழுவதும் விரித்து, ஒலிச்செறிவால் எடையிட்ட சராசரி வேகத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். சுவர் வடிப்பான் என்று ஒன்று உண்டு. அசையும் சுவரின் இரைச்சலை நீக்குவதற்காக மெதுவான வேகங்களை அது வெட்டிவிடும். அதை உயர்த்தி வைத்தால், ஓய்வில் இதயம் விரியும் கட்டத்தில் மெல்ல ஓடும் ரத்தம் கணக்கிலேயே வராது. ஓய்வு எண் குறைந்து, பயிற்சியால் ஏற்பட்ட உயர்வு பன்மடங்காகத் தோன்றும். வேக அளவுகோலும் அப்படியே. ஓய்வுக்கென அமைத்த அளவுகோலில், உதையின்போது நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டும் வேகங்கள் திரையின் உச்சியில் வெட்டுப்பட்டு அடியில் எதிர்த்திசை ஓட்டமாக முளைக்கும். அளக்கப்போகும் மிகக் கடினமான உதைக்கு ஏற்றபடி அளவுகோலை முதலிலேயே அமைத்துவிடுவது நல்லது.

எதிர்த்திசை ஓட்டம் என்று எழுதினேன். அது எப்போதும் கருவியின் மாயை அல்ல என்பதுதான் சிக்கல். தசை சுருங்கும்போது அதன் உள்ளழுத்தம் நுண்குழாய்களை நசுக்குவதால், தமனியில் ஓட்டம் சரிந்து, வலுவான உதையில் ஒரு கணம் பின்னோக்கியும் போகும். தளர்ந்ததும் ஓட்டம் பீறிட்டுப் பாயும். காதில் கருவியின் ஒலியாகக் கேட்டால், உதைக்கும் கணத்தில் அடங்கி, விடுபட்டவுடன் "உஷ்ஷ்" என்று எழும்பும் ஓசை. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் தசைக்கு உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று தெரியும். எங்கள் கருவியோ, சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் கடைசிச் சில நொடிகளை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். என் முதல் கட்டப் பதிவுகள் ஒட்டுமொத்தமாகக் குப்பைக்குப் போனது இதனால்தான்.

சில நொடிகள் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 60 முறை உதைக்கவைத்தேன். ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 66 முறை துடித்தது என்று வைத்துக்கொள்வோம். அருகருகே தொங்கும் இரண்டு கடிகாரங்களின் டிக் ஒலிகள் ஒருசமயம் சேர்ந்தும் ஒருசமயம் விலகியும் கேட்பதைப் போல, இதயத்தின் துடிப்பு சிலபோது உதையின் மேலேயே விழுந்து நசுங்கும், சிலபோது தளர்வில் விழுந்து முழுமையாகப் பாயும். இரண்டுக்கும் நிமிடத்துக்கு ஆறு வித்தியாசம் என்றால், இந்தச் சுழற்சி ஒருமுறை முடிய 10 நொடி ஆகும். மூன்று வித்தியாசம் என்றால் 20 நொடி. நான்கு நொடிப் பதிவில் எந்தக் கட்டம் அகப்பட்டது என்பது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். ஆகவே ஒவ்வொரு பளுவிலும் ஓட்டம் நிலைபெறும்வரை சில நிமிடங்கள் காத்திருந்து, குறைந்தது அரை நிமிடமாவது இடைவிடாமல் பதிவுசெய்து, முழு உதைச் சுழற்சிகளாக வெட்டிச் சராசரி எடுங்கள். கருவி அதற்கு இடம்தராவிட்டால் அதன் திரை, ஒலி இரண்டையும் வெளிக் கணினியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். உதையின் நேரத்தைக் காட்டும் விசையளவியின் கோடும் இதயத்துடிப்பின் கோடும் அதே நேர அச்சில் இருக்கட்டும். பின்னாளில் இவற்றைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து ஒன்றுசேர்ப்பது வதை.

கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று சோதிக்க விலையில்லாத வழி ஒன்று உண்டு. தமனி ரத்தத்தின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. தசை எவ்வளவு முயன்றாலும் அதற்குமேல் உறிஞ்ச முடியாது, வழக்கத்தில் 120 முதல் 150 வரைதான் எடுக்கும். உதைக்கும்போது வாய்வழி அளக்கும் ஆக்சிஜன் நுகர்வு ஓய்வைவிட நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் கூடியிருக்கிறது, அதில் பெரும்பகுதி அந்தக் காலுக்கே போகிறது என்றால், ஓட்டம் ஏறத்தாழ மூன்று லிட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் என்று கருவி சொன்னால், அந்தத் தசை ரத்தத்தில் இல்லாத ஆக்சிஜனை எடுத்திருக்க வேண்டும்! இதயம், மூச்சுத் தசைகள், கைப்பிடியை இறுக்கிய கைகள் ஆகியவற்றின் பங்கும் அந்த 400-இல் கலந்திருப்பதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனால் இரட்டிப்புப் பிழையையும் பாதிப் பிழையையும் உடனே காட்டிக்கொடுக்கும். பளு கூடக் கூட ஓட்டம் ஏறத்தாழ நேர்கோட்டில் உயர வேண்டும் என்பதும் இன்னொரு சோதனை. என் உச்சவேகப் பிழை இந்தக் கணக்கில்தான் பிடிபட்டது.

இவ்வளவும் செய்தாலும் கையில் கிடைப்பது ஒரு தமனி வழியாகப் போன மொத்த ரத்தம். தசைக்குள் அது எங்கே போனது என்று டாப்ளர் சொல்லாது. பின்தொடைக்கும் தோலுக்கும் எலும்புக்கும் போனதும் அதில் அடக்கம். வெப்பமான அறையில் தோலின் பங்கு கூடும். தசைக்குள்ளான பங்கீடுதான் உங்கள் கேள்வி என்றால் வேறு வழியைத் தேட வேண்டும். அவ்வழிகளில் ஒன்றான எம்.ஆர்.ஐ.யில் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். ரத்தத்திலுள்ள நீரையே காந்தவழியில் அடையாளமிட்டு, மருந்து எதுவும் செலுத்தாமல் ஓட்டத்தை அளக்கும் முறை அது. 1990-களின் தொடக்கத்தில் மூளைக்காக உருவானது. 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் அளவில் ரத்தம் பாயும் மூளையிலேயே அந்த அடையாளத்தின் சமிக்ஞை மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். சில மில்லிலிட்டரே பாயும் ஓய்வுத் தசையில் அது இரைச்சலில் மூழ்கிவிடும். பயிற்சியின்போது ஓட்டம் போதும், ஆனால் கால் அசைகிறது. எனவே உதையை நிறுத்திய உடனே அளக்க வேண்டியிருக்கிறது. நிறுத்திய கணத்திலிருந்தே ஓட்டம் வடியத் தொடங்கிவிடுகிறது. "இதோ தொடங்குகிறோம்" என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்து, ஸ்கேன் ஓடத் தொடங்குவதற்குள் நாம் தேடி வந்தது பாதி போயிருக்கும். கருவிக்குள் இரும்பே இல்லாத உதைப்பான் வேண்டும், குகை போன்ற அந்தக் குழாய்க்குள் கெண்டைக்கால் பயிற்சிதான் வசதிப்படும், ஸ்கேன் நேரமோ விலையுயர்ந்தது. இந்த நேரப் பொருத்தத்தை வெளியே வைத்து ஒத்திகை பார்த்திராமல் ஸ்கேன் நேரத்தை முன்பதிவு செய்யாதீர்கள்.

வாயு நிரம்பிய நுண்குமிழ்களைச் சிரையில் செலுத்தி, வலுவான ஒலித்துடிப்பால் அவற்றை உடைத்து, எவ்வளவு விரைவாக மீண்டும் நிரம்புகின்றன என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் முறையும் உண்டு. குமிழ்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியேறாததால் நுண்குழாய்களின் கொள்ளளவையும் அவற்றில் ரத்தம் நகரும் வேகத்தையும் தனித்தனியாக அறிய முடியும். அரிதாக ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் மருத்துவரும் அவசர மருந்துகளும் அருகில் இருந்தாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அதற்கேற்ற காலத்தை ஒதுக்குங்கள். கதிரியக்க ஆக்சிஜன்-15 கொண்ட நீரைப் பயன்படுத்தும் பெட் ஸ்கேன், தசையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை அளவீடாகவே தரும். பின்லாந்தின் துர்க்கு பெட் மையத்தினர் இவ்வழியில் நிறையச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆக்சிஜனின் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டே நிமிடம் என்பதால், அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அது இல்லாதவர்கள் அந்தக் கட்டுரைகளைப் படித்து ஏங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம், நானும் அப்படித்தான்.

சில்லறை விஷயங்கள் சில, ஆனால் இவை ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தும். காலைப் பிறர் அசைத்துவிட்டாலே ஓட்டம் கூடும். ஆகவே பட்டையைக் கட்டி, காலைக் காலணியில் பொருத்தி முடித்த உடனே "ஓய்வு" அளவை எடுக்காதீர்கள். உணவு, காபி, முந்தைய நாளின் கடும்பயிற்சி, அறை வெப்பம் ஆகியவற்றை எல்லா நாளும் ஒன்றுபோல வைத்திருங்கள். ரத்த அழுத்தத்தையும் கூடவே அளந்து, ஓட்டத்தை அழுத்தத்தால் வகுத்து வையுங்கள். ஓட்டம் கூடியது குழாய்கள் விரிந்ததாலா, அழுத்தம் ஏறியதாலா என்ற கேள்வியைத் தேர்வாளர் கட்டாயம் கேட்பார். பெரிய தொடைக்கு ஓட்டமும் அதிகம் என்பதால், ஆட்களுக்கிடையே ஒப்பிட வேண்டுமானால் தசையின் எடை மதிப்பீடும் தேவைப்படும்.

ஆட்களைச் சேர்ப்பதற்கு முன், இரண்டு மூன்று பேரையாவது வெவ்வேறு நாட்களில் அதே பளுவில் அளந்து, பதிவிலிருந்து இறுதி எண்வரை முழுப் பகுப்பாய்வையும் முடித்துப் பாருங்கள். பதிவு எடுப்பதைவிடப் பகுப்பாய்வுக்குப் பன்மடங்கு நேரம் பிடிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும், கால அட்டவணையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் வரும் மாறுபாடு, நீங்கள் கண்டறிய விரும்பும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் புரோபைப் பிடிக்கும் கையையும் கோணத்தையும் சீராக்குவதில் இன்னும் சில வாரங்களைச் செலவிடுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினால் அந்த மாறுபாட்டின் எண்ணையே அவரிடம் காட்டுங்கள்.